பத்தாம் தேதிக்குள் போடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பிள்ளைக்குப் பத்து வயது நிரம்பிவிட்டதா? உண்டியலைத் திறந்து எண்ணிக்கொண்டு, அஞ்சலகத்துக்கு அழைத்துப் போங்கள். பத்து வயதானால் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டலாம், எடுக்கலாம். தொடங்க 500 ரூபாய் வேண்டும். பிறகு 10 ரூபாய்கூடக் கட்டலாம். எடுப்பதென்றால் குறைந்தது 50; ஆனால் இருப்பு 500க்குக் கீழே இறங்கக்கூடாது.

பணம் கட்டும் சீட்டைப் பிள்ளையே நிரப்பட்டும். 320 என்று எண்ணில் எழுதிவிடும். எழுத்தில் 'முந்நூற்று இருபது' என்று எழுதத்தான் திணறும். இரண்டு சீட்டு வீணானால் ஆகட்டும். வரிசையில் பின்னால் நிற்பவர் உச்சுக் கொட்டினாலும் பேனாவைப் பிடுங்காதீர்கள். பாஸ்புக்கில் பதிவான தொகையைக் கவுண்டரை விட்டு நகருமுன் சரிபார்க்கவும் பழக்குங்கள்.

இதற்கு வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம். அதைக் கணக்கிடும் முறையில்தான் பிள்ளைகளுக்கு நல்ல பாடம் இருக்கிறது. மாதத்தின் பத்தாம் தேதி முடிவிலிருந்து கடைசி நாள் வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கே அந்த மாத வட்டி. பதினொன்றாம் தேதி 300 ரூபாய் கட்டினால் அந்த மாதம் அதற்கு வட்டி கிடையாது. இருபத்தைந்தாம் தேதி 200 எடுத்தால், எடுத்த 200க்கும் அந்த மாத வட்டி போச்சு. காலண்டரில் பத்தாம் தேதியைப் பிள்ளையே வட்டமிடட்டும்.

ஆறு மாதம் ஒழுங்காகப் போட்டுப் பிள்ளை பழகியபின் தொடர் வைப்பு, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டும் ஆர்.டி., தொடங்கலாம். மாதம் 100 ரூபாய், ஐந்து ஆண்டு, கட்டுவது 6,000. 2023 அக்டோபரில் நிர்ணயித்த 6.7 சதவீத வட்டியில் கையில் வருவது 7,100க்குச் சற்று மேல். பதினைந்தாம் தேதிக்குள் தொடங்கிய கணக்குக்கு மாதாமாதம் பதினைந்துக்குள் கட்ட வேண்டும். தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். நான்கு தவணை தவறினால் கணக்கே நின்றுபோகும். இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டினால்தான் மறுபடி ஓடும். அந்த ஒரு ரூபாயை நீங்கள் கட்டாதீர்கள், பிள்ளையின் கைக்காசிலிருந்தே போகட்டும்.

பெரும்பாலும் தவறுவது பெற்றோர்தான். பால்காரருக்குச் சில்லறை இல்லையென்று உண்டியலில் கைவைப்போம். திருப்பிப் போட மறந்துவிடுவோம். அப்படி எடுத்தால் தொகை, தேதி, திருப்பித் தரும் நாள் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு உண்டியலுக்குள் போட்டுவிடுங்கள். வசூலிக்கும் வேலையைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

வணக்கம்.