ரோலர் சத்தம் கேட்ட காது

வணக்கம். என் தாத்தா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் உடனே கேட்பது, இருட்டுக்குள் குனிந்து போவாரா, தலையில் விளக்கு மாட்டியிருப்பாரா என்றுதான். ஜார்க்கண்டிலும் தெலங்கானாவின் சிங்கரேணியிலும் அப்படிப் பூமிக்குள் இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நெய்வேலியில் சுரங்கம் என்பது வானம் பார்த்த பெரும் பள்ளம். 50 மீட்டருக்கும் மேலான மண்ணையும் பாறையையும் வாரி ஒதுக்கிய பிறகுதான் அடியில் பழுப்பு நிலக்கரி தெரியும், ஒரு டன் கரிக்கு 5 கனமீட்டருக்கு மேல் மண் அள்ளியாக வேண்டும். சித்திரை வெயிலில் அந்தப் பள்ளத்துக்குள் ஒதுங்க நிழல் என்று பார்த்தால் இயந்திரத்தின் அடிப்பகுதி மட்டும்தான். தாத்தா சுமார் முப்பது வருஷம் அங்கே நின்றார்.

ஊர்க் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுத் தண்ணீரோடு கறுப்புத் துகள்கள் வந்தது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தது, 1961 ஆகஸ்டில் முதன்முதலாகக் கரி கண்ணில் பட்டது, அடுத்த வருஷமே சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. தாத்தா இதற்கெல்லாம் பிறகு வந்தவர். விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்தில் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பையன், அறுபதுகளின் நடுவில் மைன்ஸில் சேர்ந்தார்.

அவருக்குக் கிடைத்தது பெல்ட் வேலை. நெய்வேலி என்றதும் எல்லோரும் பெரிய சக்கரத்தைச் சுற்றி வாளி வாளியாக மாட்டி மண்ணை வெட்டும் ஜெர்மன் பக்கெட் வீல் மெஷினைத்தான் படம் எடுப்பார்கள், எடுக்க வேண்டியதுதான், பெரியதில் ஒவ்வொரு பக்கெட்டும் 1400 லிட்டர் பிடிக்கும், பார்த்தால் வாய் அடைத்துப்போகும். ஆனால் அது வெட்டிப் போடுவதைச் சுமந்துகொண்டு போவது கன்வேயர் பெல்ட், கிலோமீட்டர் கணக்கில் ஓடும், அதன் அடியில் வரிசையாக உருளும் ரோலர்கள். ஒரு ரோலரின் பேரிங் தேய்ந்து சிக்கிக்கொண்டால் பெல்ட் அதன்மேல் உரசி உரசிச் சூடாகும். பழுப்பு நிலக்கரி சும்மா குவித்து வைத்தாலே வெயில் காலத்தில் தானாகப் புகையக்கூடியது, அதன் தூள் சூடான ரோலர்மேல் படிந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ஒருவர் பெல்ட்டை ஒட்டியே நடந்துகொண்டிருக்க வேண்டும், அத்தனை இரைச்சலிலும் எந்த ரோலர் கீச்சிடுகிறது, எது கரகரக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு. கெட்டதைக் கண்டால் குறி போட்டு வைத்து, பெல்ட் நிற்கும்போது மாற்றுவார்கள். இரவில் இந்த வேலை நன்றாக நடக்கும் என்று தாத்தா சொல்வார், வெளிச்சம் கவனத்தைக் கலைக்காதாம். மழைக்காலம்தான் கஷ்டம். கரிக்கு அடியில் இருக்கும் ஊற்று நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருப்பதால் வருஷம் முழுக்கப் பம்பு ஓட வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் மேலிருந்தும் கொட்டும், சேற்றில் முழங்கால் வரை புதைந்துகொண்டு ரோலரைத் தூக்கிப் பொருத்த வேண்டும்.

சரி, இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். என் அம்மாவுக்கும் மாமாக்களுக்கும் நினைவில் இருக்கும் அப்பா, பகலில் தூங்குகிற அப்பா. நைட் ஷிப்ட் முடித்து வந்து ஜன்னலை ஈரத் துணியால் மூடிவிட்டுப் படுப்பார், குவார்ட்டர்ஸில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது, பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்குப் போய்விடுவார்கள். அடுத்த வாரம் ஷிப்ட் மாறும், அவர் விழித்திருக்கும்போது இவர்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். "எங்கப்பா என்னைத் தூக்கி வச்சிருந்ததா எனக்கு ஞாபகமே இல்ல" என்று அம்மா கோபமில்லாமல்தான் சொல்வார், ஆனால் அடிக்கடி சொல்வார்.

நான் பார்த்த தாத்தா வேறு ஆள். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்தில் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடலூரில் சின்னதாக வீடு கட்டியிருந்தார். முப்பது வருஷமாகத் தராத பகலையெல்லாம் பேரப்பிள்ளைகளுக்கு மொத்தமாக அள்ளிக் கொடுத்தார். சைக்கிளின் முன்கம்பியில் துண்டைச் சுற்றி எங்களை உட்கார வைத்துப் பள்ளிக்கூடம், சந்தை, பலாப்பழ சீசனில் பண்ருட்டி என்று எங்கும் கூட்டிப் போவார். பசித்து வந்தவர்களுக்கெல்லாம் சோறு போடும் வள்ளலாரின் தருமச்சாலைக்கு அடிக்கடி போவோம். 1867இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்று அவர்தான் எங்களுக்குக் காட்டினார். வேலைக்காலம் முழுக்கத் தீ பிடித்துவிடக் கூடாதே என்று நடந்த மனிதர், அந்த அடுப்பின் முன் நின்று வெகுநேரம் பார்ப்பார்.

எனக்கு அப்போது வீசிங் உண்டு. பக்கத்தில் படுத்திருக்கும் அம்மா எழுவதற்கு முன், திண்ணையில் படுத்திருக்கும் தாத்தா எழுந்து வந்துவிடுவார். "புள்ளைக்கு இழுக்குது, வெந்நி வை" என்று குரல் கொடுத்துக்கொண்டே என்னைத் தூக்கி முதுகில் காதை வைப்பார். எப்படித் தாத்தா தெரியுது என்று கேட்டதற்கு, "ரோலர் கெட்டா தெரியாதா கண்ணு" என்றார். மின்விசிறி, கிரைண்டர், அடுத்த வீட்டு மோட்டார், எதன் பேரிங் போகப்போகிறது என்றும் முன்கூட்டியே சொல்வார். நான் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்த நாளை என் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். கடைசி வருஷங்களில் அதே காது மந்தமாகிவிட்டது, இரைச்சலுக்கு நடுவே அத்தனை காலம் நின்றால் அப்படித்தான் ஆகும். நாங்கள் எல்லோரும் அவருடைய வலது பக்கமாகப் போய் உட்காரப் பழகிக்கொண்டோம், அந்தக் காதில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

படுக்கையில் விழுந்தபோது வீட்டில் ஷிப்ட் போட்டோம். காலையில் மாமா, மதியம் நான், ராத்திரிக்கு அம்மா. அவரே தினமும் சாயங்காலம் "நைட்டு யாரு?" என்று விசாரிப்பார். மாமாக்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று எத்தனையோ முறை கேட்டும் அம்மா நைட் ஷிப்டை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தூக்கம் வராத தாத்தாவும் அம்மாவும் விடியும்வரை பேசிக்கொண்டிருப்பார்கள், அவர் காதுக்கு எட்ட வேண்டுமே, அம்மா கத்திக் கத்தித்தான் பேசுவார், தெருவுக்கே கேட்கும். பெரும்பாலும் மைன்ஸ் கதைதான். பெல்ட்டைப் பற்றியும் ரோலரைப் பற்றியும் இன்று உங்களிடம் சொன்னதில் பாதிக்கு மேல் அந்த ராத்திரிகளில் தாத்தா அம்மாவிடம் சொன்னது, அம்மா எனக்குச் சொன்னது. நன்றி, வணக்கம்.