கழுத்துச் சிரைகள் படத்தில் உள்ளபடி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை

எல்லோருக்கும் வணக்கம்.

உடற்கூறியல் தேர்வில் இப்படி எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்: கீழ்த்தாடைக்குப் பின்னால் இறங்கும் சிரை இரண்டாகப் பிரிகிறது. பின்கிளை, காதுக்குப் பின்னாலிருந்து வரும் சிரையோடு சேர்ந்து, தோலுக்குச் சற்று அடியில் கழுத்தில் இறங்கும் புற ஜுகுலர் சிரையாகிறது. முன்கிளை முகச் சிரையோடு சேர்ந்து, கழுத்தின் ஆழத்தில் ஓடும் பெரிய உள் ஜுகுலர் சிரைக்குள் போகிறது. சரி. ஆனால் அறுவை அரங்கில் கழுத்தைத் திறந்தால், சிலருக்கு அந்தத் தாடைச் சிரை பிரிவதே இல்லை. சிலருக்கு முகச் சிரை நேராகப் புற ஜுகுலரில் போய் விழும். புற ஜுகுலர் நூல்போல மெலிந்திருக்கும், சில நேரம் இருக்கவே இருக்காது. அப்போது பெரும்பாலும் முன் ஜுகுலர் பருத்திருக்கும். ஒரே ஆளின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒத்துப்போவதில்லை.

ஏன் இப்படி? கருவில் சிரைகள் முதலில் ஒரு வலையாகத்தான் உருவாகின்றன. அதில் ரத்தம் அதிகம் ஓடும் வழிகள் பெருத்து நிலைக்கின்றன, மற்றவை மறைகின்றன. எந்த வழி தங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே இதை நோய் என்று சொல்லக் கூடாது. இந்த மாறுதல் உள்ளவருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இருக்காது. தொந்தரவு கத்தி எடுப்பவருக்குத்தான்.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். உள் ஜுகுலர் சிரை அரிதாக ஓரிடத்தில் இரண்டாகப் பிளந்து, கீழே மறுபடி ஒன்று சேரும். அந்தப் பிளவின் நடுவே, தோளைத் தூக்கும் தசைக்குப் போகும் துணை நரம்பு நுழைந்து செல்லலாம். புற்றுநோய்க்காகக் கழுத்து நிணநீர்க் கணுக்களை எடுக்கும்போது, நரம்பு சிரைக்கு முன்னாலோ பின்னாலோதான் போகும் என்று நினைத்து ஒரு கிளையைக் கட்டி வெட்டினால், நரம்பும் கூடவே போய்விடும். பிறகு நோயாளியின் தோள் சரியும், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் திணறுவார். புற்றுநோயைச் சுத்தமாக எடுத்துவிட்டோம் என்ற நிறைவோடு டாக்டர் இருக்க, நோயாளியோ சட்டை மாட்டக் கஷ்டப்படுவார்.

காதுக்கு முன்னால் உள்ள பரோடிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியின் அறுவையிலும் இதே கதைதான். முகநரம்பு பெரும்பாலும் அந்தத் தாடைச் சிரைக்கு மேலாக ஓடும் என்பதால் சிரையையே அடையாளமாகக் கொள்கிறோம். அது சிலரிடம் மாறியிருக்கும். மூச்சுக்குழாயைத் துளைக்கும்போதோ, மார்பெலும்புக்கு மேலே முன் ஜுகுலர்களை இணைக்கும் வளைவு குறுக்கே வரலாம். குழந்தைகளில், மார்புக்குள் இருக்க வேண்டிய பெரிய சிரையான இடது பிராக்கியோசெபாலிக் சிரை சில நேரம் கழுத்துவரை ஏறி நிற்கும். அங்கே கை தவறினால் சாதாரண ரத்தக்கசிவோடு முடியாது.

அப்புறம், புற ஜுகுலர் காறை எலும்புக்கு மேலே ஆழ்உறையை, அதாவது கழுத்தின் உள்ளுறுப்புகளைப் போர்த்தியிருக்கும் சவ்வை, துளைத்து உள்ளே போகும் இடம். அந்த உறை சிரையின் சுவரோடு ஒட்டியிருப்பதால் வெட்டுப்பட்டாலும் வாய் மூடாது. நோயாளி மூச்சை இழுக்கும்போது காற்று உள்ளே போய் இதயம்வரை சென்றுவிடலாம். மெல்லிய சிரைதானே என்று அலட்சியமாக வெட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

மருந்து செலுத்த இதயத்துக்கு அருகேயுள்ள பெரிய சிரைவரை மையச் சிரைக் குழாய் போடுகிறவர்களுக்கு இன்று அல்ட்ராசவுண்ட் இருக்கிறது. வழக்கமாக உள் ஜுகுலர், தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனிக்கு வெளிப்புறமாக இருக்கும். ஆனால் அதன் மேலேயே படுத்திருப்பதும் உண்டு, தலையை அதிகம் திருப்பினால் இந்த மேற்படிவு கூடும். தோல் அடையாளங்களை மட்டும் நம்பிக் குத்தினால் ஊசி தமனிக்குள் போகலாம்.

அறுவையில் நான் வற்புறுத்துவது இதுதான்: ஒரு சிரையைக் கட்டுமுன் மேலும் கீழும் தடவிப் பாருங்கள், எங்கிருந்து வருகிறது, எதில் போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வேறு இடத்துத் தசையை எடுத்து முகத்தில் வைத்து ஒட்டும் அறுவைக்கு, ரத்தம் வெளியேற இந்தச் சிரைகளில் ஒன்றுதான் பிற்பாடு தேவைப்படும். விசித்திரமாக எதையாவது பார்த்தால் அறுவைக் குறிப்பில், எந்தப் பக்கம் என்பதோடு எழுதி வையுங்கள். அதே கழுத்தை அடுத்து திறக்கப்போகிறவர் உங்கள் குறிப்பைத்தான் முதலில் தேடுவார்.