பிஸ்கட் ஆடினால் எங்கே தேடுவது?

நேயர்களுக்கு வணக்கம். பலகை ஓரத்தில் குறுகிய பள்ளம், அதாவது காடி, வெட்டும் மெஷின்தான் பிஸ்கட் ஜாயினர். இரண்டு பலகைகளின் காடிகளிலும் பாதிப் பாதியாக நுழைந்து, பசையோடு அவற்றை இணைக்கும் மெல்லிய மரத்துண்டுதான் பிஸ்கட். பிஸ்கட் ஜாயினர் வைத்துப் பலகைகளை இணைப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது: "காடியில் பிஸ்கட் நிற்கவில்லை, லொடலொட என்று ஆடுகிறது." உடனே மெஷின் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். எந்தப் பக்கமாக ஆடுகிறது என்று முதலில் பாருங்கள்.

பலகையின் நீளவாக்கில் பிஸ்கட் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தால், அது குறையே இல்லை. வட்டமான பிளேடு வெட்டும் காடி, பிஸ்கட்டைவிடச் சற்று நீளமாகத்தான் இருக்கும். பசை போட்ட பிறகும் பலகைகளை இப்படி அப்படித் தள்ளி நேராக்க அந்த இடம் வேண்டும். 1950களில் சுவிட்சர்லாந்தில் ஹெர்மன் ஸ்டைனர் உருவாக்கிய இந்த முறையின் பெரிய வசதியே அதுதான்.

கவலைப்பட வேண்டியது மேலும் கீழுமான ஆட்டம். பிஸ்கட்டின் பருமன் பக்கத்தில் ஆட்டம் இருந்தால் இரண்டு பலகைகளின் முகமும் ஒரே மட்டத்தில் நிற்காது, பசையும் பிடிக்காது.

பிஸ்கட்டைக் காடியில் விரலால் அழுத்துங்கள். லேசான பிடிப்போடு உள்ளே போக வேண்டும். விரலாலேயே வெளியே எடுக்கவும் வர வேண்டும். பலகையைக் கவிழ்த்ததும் தானாக விழுந்தால் ஆட்டம் அதிகம். சுத்தியலால் தட்டித்தான் இறக்க வேண்டும் என்றால் அதுவும் தவறு. பசை போட்ட பிறகு அது பாதியிலேயே நின்றுவிடும்.

விழுகிறது என்றால், காடி அகலமா, பிஸ்கட் மெலிசா? இதைக் கண்டுபிடிக்க நான் எப்போதும் வற்புறுத்தும் சோதனை ஒன்று உண்டு. ஒரு துண்டு மரத்தை மேசையில் க்ளாம்ப் போட்டு இறுக்குங்கள். ஜாயினரின் முன்பகுதி அசையாதபடி அதையும் க்ளாம்ப் போடுங்கள். மோட்டார் மட்டும் முன்னும் பின்னும் போய்வரட்டும். ஒரே ஒரு காடி வெட்டுங்கள். பிறகு க்ளாம்பைக் கழற்றி, வழக்கம்போலக் கையால் பிடித்து, பக்கத்தில் இன்னொரு காடி வெட்டுங்கள். ஒரே பிஸ்கட்டை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். க்ளாம்ப் போட்ட காடியில் பிடித்து, கைக் காடியில் ஆடினால், கோளாறு பிடிக்கும் விதத்தில். இரண்டிலும் ஆடினால் பிளேடு, அல்லது பிஸ்கட். ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் பிளேடு வாங்க ஓட வேண்டாம்.

கைக் கோளாறுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. காடியின் வாயில் ஆடும் பிஸ்கட், உள்ளே அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். வெட்டும்போது மோட்டாரின் வால்பக்கம் மேலே தூக்கியோ கீழே தாழ்ந்தோ போயிருக்கிறது, அதனால் வாய் மட்டும் விரிந்துவிட்டது. ஒரு கை முன்தகட்டைப் பலகையின் முகத்தோடு அழுத்தட்டும். மறு கை மோட்டாரை நேராகத் தள்ளட்டும், அவ்வளவுதான் அதன் வேலை. மின்கம்பி இழுக்காதபடி தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடு முழு வேகம் எடுத்த பிறகு தள்ளுங்கள். முழுவதும் வெளியே வந்த பிறகு நிறுத்துங்கள். ஆழம் போதவில்லையோ என்று அதே காடியில் மறுபடி இறக்காதீர்கள். இரண்டாவது முறை இறங்கும்போது பிளேடு அதே தடத்தில் போவது அரிது.

இனி பிளேடு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். மறக்க வேண்டாம், முதலில் பிளக். பிளேடு உட்காரும் வட்டத் தகடான ஃபிளாஞ்சில் மரத்தூளோ பிசினோ ஒட்டியிருக்கிறதா? ஃபிளாஞ்சின் விட்டம் 30 மில்லிமீட்டர், பிளேடின் விட்டம் 100 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 0.1 மில்லிமீட்டர் துகள் ஒன்று சிக்கினால், விளிம்பில் அந்தச் சாய்வு 0.3 மில்லிமீட்டருக்கும் மேலாகப் பெருகும். 4 மில்லிமீட்டர் காடியில் அது பெரிய விஷயம். துடைத்து மாட்டியும் பிளேடு ஆடினால் வளைந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். பிளேடை விரலால் மேலும் கீழும் அசைத்தால் பேரிங் கோளாறு தெரிந்துவிடும்.

பிஸ்கட்டையும் அளக்க வேண்டும். அழுத்திய பீச் மரம் அது. ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் மெலியும். வெர்னியர் காலிப்பரில் பத்து பிஸ்கட்டை அளந்து பாருங்கள். ஒரே பையில் 3.7-ம் இருக்கும், 4.1-ம் இருக்கும். மெலிசானவற்றைத் தனியே ஒதுக்குங்கள். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். பையைத் திறந்தபடி விட்டால் மழைக்காலத்தில் உப்பி, காடிக்குள் போகவே மறுக்கும்.

நேரம் நெருங்கிவிட்டது, மீதியை வேகமாகச் சொல்கிறேன். பலகைகள் சேராமல் இடைவெளி நின்றால், பெரும்பாலும் ஆழம் குறைவு. பிஸ்கட்டைக் காடியில் வைத்து, பலகை ஓரத்தை ஒட்டிப் பென்சில் கோடு போடுங்கள். எடுத்துத் திருப்பி, மறுபாதியை உள்ளே விடுங்கள். கோடு காடிக்குள் மறைய வேண்டும். வெளியே தெரிந்தால் ஆழத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டுங்கள்.

பசை, தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட வெள்ளைப் பசையாக இருக்கட்டும். பிஸ்கட் ஊறி உப்பிப் பிடிப்பது அதில்தான். எபாக்சி அப்படி உப்ப வைக்காது. பலகை ஓரத்தில் மட்டும் தடவாமல் காடியின் இரு சுவர்களிலும் தடவுங்கள். லேசான ஆட்டம் இருந்தால் இந்த உப்பலே சரிசெய்துவிடும், அரை மில்லிமீட்டர் ஆட்டத்தைச் சரிசெய்யாது. அப்படிப்பட்ட காடியில் பிஸ்கட்டைப் பசையோடு இறக்கி, மறுநாள் ஓரத்தோடு அறுத்துவிட்டு, அதே இடத்தில் புதிதாக வெட்டுங்கள். ஒட்டிய பலகையை அன்றே தேய்த்து மட்டமாக்க வேண்டாம். உப்பிய இடம் காய்ந்து அடங்கும்போது பிஸ்கட் வடிவத்தில் பள்ளம் விழும். இரண்டு மூன்று நாள் விடுங்கள். வணக்கம்.