ஏடு மறந்ததை ஊர் மறக்கவில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, ஏடுகளை அடுக்கி வைத்துக்கொண்டு எனக்கு எதிரே அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலக் கிராமங்களின் வரலாற்றைக் காத்து நிற்பது ஏடா, ஊராரின் நினைவா என்பது இன்றைய தலைப்பு. எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். 1538ஆம் ஆண்டு, மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் இட்ட ஆணைக்குப் பிறகு ஒவ்வொரு பங்குத் தேவாலயத்திலும் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் எழுதப்பட்டு வருகின்றன, அவையே வரலாறு என்றார். முதியவர்களின் நினைவு என்பது வைக்கோல் கூரை, ஊர்த் திடலில் கிரிக்கெட், வெயில் காயும் கோடை என்று சொல்லிச் சொல்லிப் பசியையும் ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதியையும் மூடி மறைக்கும் சர்க்கரைப் பாகு என்றும் சொன்னார். சர்க்கரை இருப்பதை நான் மறுக்கவில்லை. சிறுவயதில் கோடை முழுவதும் மழையே பெய்ததில்லை என்று ஓர் இங்கிலாந்துக்காரர் சொன்னால் நானும் நம்ப மாட்டேன். ஆனால் அந்த இனிப்பு ஏறுவது உணர்ச்சியில்தான். எந்தப் படலைத் திறந்து வயலுக்குள் போனோம், எத்தனை மணிக்குப் போனோம், எந்த மேட்டில் சறுக்கி விளையாடினோம் என்பவற்றில் அது அவ்வளவாக ஏறுவதில்லை. நான் வாதாட வந்திருப்பது இந்த இரண்டாம் வகை நினைவுக்காக.

ஊர் எல்லையிலிருந்தே தொடங்குகிறேன். நில அளவைப் படங்கள் பரவலாகும் முன்பு, ஒரு பங்கின், அதாவது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியின், எல்லையை எதில் குறித்து வைத்தார்கள் தெரியுமா? சிறுவர்களின் உடம்பில்! இயேசு விண்ணேறிய திருநாளை ஒட்டிப் பாதிரியாரும் ஊர்ப் பெரியவர்களும் கையில் கழியோடு எல்லையைச் சுற்றி நடப்பார்கள். எல்லைக்கல் வந்ததும், கூட வந்த சிறுவன் ஒருவனைத் தூக்கி அந்தக் கல்லில் மோதுவார்கள். சில ஊர்களில் கழியால் அடிப்பதும் ஓடையில் தள்ளுவதும் உண்டு. பிறகு அழுகையை நிறுத்தக் கையில் ஒரு காசு கொடுப்பார்கள். வயதில் சிறியவன்தான் நெடுநாள் இருப்பான், அறுபது ஆண்டு கழித்து வழக்கு வந்தாலும் தான் அடிபட்ட கல் எது என்று அவன் சாட்சி சொல்வான் என்பதே கணக்கு. நம் ஊர் வாத்தியார்களின் பிரம்பே தேவலை என்று தோன்றுகிறது. கொடுமையான வழக்கம்தான், ஆனால் அந்தச் சமூகம் தன் நிலத்தை எதன் பொறுப்பில் விட்டிருந்தது என்பதை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி ஏடு செய்ததைப் பார்ப்போம். 1604 முதல் 1914 வரை, பொது மேய்ச்சல் நிலங்களையும் திறந்த வயல்களையும் வேலியடைத்துத் தனியுடைமையாக்க 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அவற்றின் வழியே வேலிக்குள் போனது ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். அத்தனைக்கும் ஏடு உண்டு, முத்திரை உண்டு, வரைபடம் உண்டு. ஆனால் அந்தப் புல்வெளியை நம்பி ஒற்றைப் பசுவை வைத்திருந்த கூலிக்காரர், அடுத்த ஆண்டு அதை எங்கே மேய்த்தார் என்பதற்கு அந்த ஏடுகளில் ஒரு வரி தேடிப் பாருங்கள். வேலியடைக்கக் கேட்டு மனு எழுதியவர் நிலக்காரர். ஏடு அவர் பக்கம் பேசுவதில் வியப்பில்லை.

என் வாதத்தின் நடுத்தூண், கதிர் பொறுக்கும் வழக்கு. சஃபோக் மாவட்டத்தின் டிம்வொர்த் கிராமத்தில் 1787ஆம் ஆண்டு, மேரி ஹவுட்டன் என்ற பெண் அறுவடை முடிந்த வயலில் கதிர் பொறுக்கினார். ஜேம்ஸ் ஸ்டீல் என்ற நிலக்காரர் அவர்மீது வழக்குத் தொடுத்தார். ஏழைகளுக்காகச் சிந்திய கதிரை விட்டுவிடு என்று சொல்லும் விவிலியத்தின் லேவியராகமத்தை எடுத்துக்காட்டிக்கூட வாதம் நடந்தது. 1788இல் நீதிமன்றம், கதிர் பொறுக்குவது எவருக்கும் உரிமையன்று என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகளில் ஒருவர் மட்டும் மாறுபட்டார். ஏட்டின்படி அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும்.

முடிந்ததா? இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் கிழக்கு இங்கிலாந்தின் ஊர்களில் பெண்களும் பிள்ளைகளும் கதிர் பொறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். எப்படி நடந்தது என்பதைப் பாட்டிமார் சொல்லித்தான் உலகம் அறிந்தது. அறுவடையான வயலில் ஒரே ஒரு கதிர்க்கட்டை மட்டும் நிறுத்தி வைத்திருப்பார்கள். அதற்குப் 'போலீஸ்காரர்' என்று பெயர். அது நிற்கும்வரை எவரும் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. அதை எடுத்த மறுநாள் காலையில் தேவாலய மணி அடிக்கும். மணி ஒலித்த பிறகே எல்லாரும் ஒன்றாக இறங்க வேண்டும், ஏனென்றால் கைக்குழந்தைக்குப் பாலூட்டிவிட்டு வருகிறவள் பின்தங்கிப் போகக் கூடாது. மாலையில் மீண்டும் மணி அடித்ததும் அனைவரும் வெளியேற வேண்டும். குனிந்து குனிந்து முதுகு ஒடிந்ததையும், அரிதாள் குத்திப் பிள்ளைகளின் கால் கிழிந்ததையும், பொறுக்கிய கோதுமையை மாவாக்கிக் குளிர்காலத்துக்கு வைத்ததையும் அவர்களே சொன்னார்கள். எதிரணித் தலைவர் தேடிய பசி இதில் இல்லையா? இது எந்தச் சர்க்கரையில் செய்தது?

நினைவால் நீதிமன்றத்தில் என்ன பயன் என்று எதிரணி கேட்கக்கூடும். ஆக்ஸ்போர்டுஷயரின் சன்னிங்வெல் கிராமத்துக்குப் போவோம். அங்கே தேவாலயத்துக்கு அருகில் திருச்சபைக்குச் சொந்தமான சுமார் பத்து ஏக்கர் திறந்தவெளி. அதில் இரண்டு வீடுகள் கட்ட அனுமதி பெறப்பட்டது. அது ஊர்ப் பொதுத்திடல் என்று பதிய வேண்டுமென்றது ஊராட்சி. பத்திரம் திருச்சபையிடம் இருந்தது. ஊராரிடம் என்ன இருந்தது? நாயை அழைத்துக்கொண்டு நடந்தோம், பட்டம் விட்டோம், நாவற்பழம் போன்ற கரும்பெர்ரிகளைப் பறித்தோம், ஓடையில் மீன் பிடித்தோம், பனி விழுந்தால் அந்தச் சரிவில் சறுக்கினோம் என்பவைதாம். உரிமை இருக்கிறது என்று எண்ணிச் செய்தார்களா என்று மாவட்ட நிருவாகம் தயங்கி மறுத்தது. 1999இல், அந்நாளில் நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையின் நீதிபதிகள், அவர்கள் மனத்தில் என்ன எண்ணியிருந்தார்கள் என்று ஆராய வேண்டியதில்லை, உரிமை உள்ளவர்களைப் போல இருபது ஆண்டுகள் வெளிப்படையாகப் புழங்கியிருந்தால் போதும் என்று தீர்ப்பளித்தார்கள். பட்டம் விட்ட நினைவு பத்திரத்தை வென்றது.

எப்போதும் வெல்வதில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்; எதிரணி சொல்லி நான் கேட்க வேண்டாம். வில்ட்ஷயரின் இம்பர் கிராமத்து மக்களை 1943 நவம்பர் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து, படைப் பயிற்சிக்காகக் கிறிஸ்துமசுக்கு முன் ஊரைக் காலி செய்யுமாறு கூறினார்கள். போர் முடிந்ததும் திரும்பலாம் என்று வாக்குக் கொடுத்தார்கள் என்பது ஊராரின் நினைவு. ஆனால் நிலம் முன்பே போர்த்துறை விலைக்கு வாங்கியது. ஏடு அதன் கையில். 1961இல் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் திரண்டு ஊருக்குள் நடந்தும், படையே அந்த இடத்தை வைத்துக்கொண்டது. இன்றும் ஆண்டில் சில நாள்கள் மட்டுமே இம்பர் திறக்கிறது. புனித கைல்ஸ் தேவாலயத்தில் ஆண்டு வழிபாடு நடக்கிறது. ஏட்டில் அது பயிற்சிக்களம். அங்கே வந்து மண்டியிடுகிறவர்களுக்கு அது ஊர்.

நடுவர் அவர்களின் கை மணியை நோக்கிப் போவதைக் காண்கிறேன். சஃபோக்கில் மாலை மணி அடித்தால், கையில் எத்தனை கதிர் இருந்தாலும் வயலை விட்டு வெளியேறியாக வேண்டும். நானும் இறங்குகிறேன்.