மத்தளையில நெல்லு, கிளிநொச்சியில கியூ: அரசாங்கத்தின்ர செலவுக்கு வரியா, கடனா?

விமான நிலையத்துக்குள்ள நெல்லு மூட்டை அடுக்கின நாடு எது தெரியுமா? எங்கட நாடுதான். பகிடி இல்லை. 2015ஆம் ஆண்டு தெற்கில அம்பாந்தோட்டைப் பக்கம் இருக்கிற மத்தளை விமான நிலையத்தின்ர சரக்குக் கட்டடத்தில கொண்டுபோய் நெல்லைக் களஞ்சியப்படுத்திச்சினம். அந்தக் கட்டடத்துக்குக் காசு கட்டுற ஆக்களில நீங்களும் ஒராள். விசுவமடுவில இருந்துகொண்டு, மத்தளைப் பக்கம் தலைவைச்சும் படுக்காமல், கட்டுறியள். எப்பிடி எண்டு பாப்பம்.

வணக்கம் உறவுகளே. சனலுக்குப் புதுசா வந்த ஆக்கள் ஒருக்கா சப்ஸ்கிரைப் பண்ணிவிடுங்கோ. அதுக்கு இன்னும் வற் வரி போடேல்லை.

[திரையில்: மூண்டு பெட்டி. வரி, கடன், அச்சு]

பாடப்புத்தகப் பகுதியைக் கெதியாச் சொல்லி முடிக்கிறன், நித்திரை கொள்ளாதேங்கோ. அரசாங்கத்துக்குக் காசு வாற பெரிய வழி மூண்டு. ஒண்டு வரி. ரெண்டாவது கடன்: உள்நாட்டில திறைசேரி உண்டியல், திறைசேரி முறி எண்டு, அதாவது வட்டியோட திருப்பித் தருவம் எண்டு எழுதின கடன் பத்திரத்தை, வித்து எடுக்கிறது, வெளியில இந்தியா, சீனா, ஜப்பான், உலக வங்கி எண்டு எடுக்கிறது, பிறகு 2007இல இருந்து வெளிநாட்டுச் சந்தையில டொலர் முறி வித்து எடுக்கிறது. மூண்டாவது, மத்திய வங்கி ரூபாயை அச்சடிச்சு அரசாங்கத்தின்ர கையில குடுக்கிறது. இந்த மூண்டாவதை 2023இல வந்த புதுச் சட்டம் தடுத்துப்போட்டுது. சரி, பாடம் முடிஞ்சுது.

இப்ப விசயத்துக்கு வருவம். "கடன் எடுக்கிற அரசாங்கம் கூடாத அரசாங்கம்" எண்டு கொமெண்டில கனபேர் எழுதுறியள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டன். ஐப்பசி பிறந்தவுடன பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் பாங்குக்குப் போய்ப் பாருங்கோ. அடைவு எடுக்கிற மேசைக்கு முன்னால சனம் நிக்கும். அக்கா ஒராள் கைலேஞ்சிக்குள்ள சுத்தின சங்கிலியை எடுத்துத் தட்டில வைப்பா. மேசையில இருக்கிறவர் அதைக் கல்லில உரசிப் பாப்பார், தராசில போடுவார், பவுணைச் சொல்லுவார். அக்கா அந்தக் காசை எண்ணிப் பாக்காமலே புருசனிட்டக் குடுப்பா, அது நேர உழவுக்கும் விதைநெல்லுக்கும் போகும். மாசி, பங்குனியில அறுவடை முடிய அதே சங்கிலி அதே மேசையால திரும்பி வரும். உதில என்ன பிழை? ஒண்டுமில்லை. வன்னியில கால்வாசி வயல் அடைவுச் சங்கிலியிலதான் விளையுது எண்டு நான் சும்மா ஒரு கணக்குச் சொல்லுவன், பிழையெண்டால் திருத்துங்கோ.

அதே சங்கிலியைச் சாமத்திய வீட்டுக்கு அடைவு வைக்கிறியள் எண்டு வையுங்கோ. ஹோல், குதிரை வண்டில், ட்ரோன் கமரா, பிள்ளையைப் பல்லக்கில தூக்கிக்கொண்டு வாற நாலு மாமன்மார். வட்டி ஒரே வட்டிதான். ஆனால் ட்ரோன் கமரா மாசியில நெல்லு விளைவிக்காது. சங்கிலி ஏலத்துக்குப் போகும். (சாமத்திய வீடு செய்யவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, அம்மாமார் சண்டைக்கு வராதேங்கோ. கமராக்காரப் பெடியளும் என்ர சப்ஸ்கிரைபர்ஸ்தான்.)

ஆனால் இந்த உதாரணம் ஒரு இடத்தில உடையும், கனபேர் அந்த இடத்தைச் சொல்லுறேல்லை. வீட்டில அடைவு வைச்ச ஆளேதான் மீட்கவும் வேணும். அரசாங்கத்தில கையெழுத்து வைச்சவர் ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு வீட்டில இருப்பார், மீட்கிறது வேற ஆக்கள்.

[திரையில்: இரணைமடு வான்கதவு]

எங்கட பக்கத்தில விதைநெல்லுக் கடனும் வந்திருக்கு. இரணைமடுக் குளம் நூறு வருசத்துக் குளம். அதைத் திருத்தி 2018 கடைசியில திறந்தது ரோமில இருக்கிற சர்வதேச விவசாய அபிவிருத்தி நிதியத்தின்ர கடனும் சேர்ந்துதான். யாழ்தேவி 1990இல நிண்டுது. பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போச்சு, ரயில் பாதை எண்டு சொல்ல மேடு மட்டும்தான் மிச்சம். 2013 செப்டெம்பரில கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தது இந்தியா தந்த கடனில. அண்டைக்கு ஸ்டேசனில நிண்ட சனத்தைக் கேட்டிருந்தால் ஒராளும் "ஏன் கடன் எடுத்தனீங்கள்" எண்டு கேட்டிருக்காது.

அதே 2013இலதான் மத்தளையும் திறந்தது. சீன எக்சிம் வங்கியின்ர கடன், கிட்டத்தட்ட 190 மில்லியன் டொலர். உலகத்திலேயே ஆளில்லாத சர்வதேச விமான நிலையம் எண்டு வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதிச்சுது. பிளேன் வராட்டிலும் கட்டடம் இருக்குத்தானே, நெல்லை வைப்பம் எண்டு வைச்சினம். நினைச்சுப் பாருங்கோ, எங்கட ஆக்கள் அறுவடை நேரம் நெல்லுக் காயப்போட இடமில்லாமல் ஏ9 ரோட்டுக் கரையில படங்கு விரிச்சுப் பரப்புறவை. அங்க நெல்லு சரக்கு டேர்மினலுக்குள்ள விஐபி மாதிரி இருந்திருக்கு. அந்த நெல்லுக்குப் பாஸ்போட் இருந்ததோ தெரியாது.

சரி, ஏன் அரசாங்கங்களுக்குக் கடனில இவ்வளவு விருப்பம்? இதுக்கு விடை 1848இல இருக்கு, இந்த வீடியோவில எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்.

[திரையில்: நாய் படம். மீம் ஒண்டு போடு]

1847இல டொரிங்டன் எண்டொரு பிரபு இலங்கைக்கு ஆளுநரா வாறார். வயசு முப்பத்தஞ்சும் இல்லை. அவர் வந்த நேரம் கோப்பி விலை விழுந்து திறைசேரி காய்ஞ்சு கிடக்கு. என்ன செய்யலாம்? வரி. எதுக்கு வரி? கடைக்கு வரி, வண்டிலுக்கு வரி, வள்ளத்துக்கு வரி. துவக்குக்கு ரெண்டரைச் சிலிங். நாய்க்கு ஒரு சிலிங். ஓம், நாய்க்கு. 1848இல வன்னிக் காட்டுக் கரையில துவக்கும் நாயும் இல்லாமல் ஒராள் எப்பிடிப் பயிர் செய்யிறது? பண்டி வந்து ஒரு இரவில வயலை உழுதுபோட்டுப் போகும், யானை மிச்சத்தை முடிக்கும். எங்கட ஆக்களுக்கு நாய் செல்லப்பிராணி இல்லை, அது வயல் காவல். அதுக்கு வரி எண்டால் விளைச்சலுக்கு வரி போட்ட மாதிரித்தான். ஏற்கெனவே நெல்லுக்கும் வரி இருந்தது, அது 1892இலதான் எடுபட்டது.

இதைவிடப் பெரிய பகிடி ரோட்டு வரி. வயசுவந்த ஆம்பிளை எல்லாரும் வருசத்தில ஆறு நாள் ரோட்டு வேலை செய்யவேணும், இல்லாட்டிக் காசு கட்டவேணும். இண்டைக்குப் பிரதேச சபை வந்து "மாங்குளம் ரோட்டில கிடங்கு இருக்கு, ஆறு நாள் மண்வெட்டியோட வாங்கோ" எண்டு சொன்னால் என்ன செய்வியள்? எங்கட சில ரோட்டுகளைப் பாத்தால் போகலாம் போலத்தான் இருக்கு.

விளைவு? 1848 ஜூலையில கண்டிக்கு வடக்க இருக்கிற மாத்தளைப் பக்கம் (விமான நிலைய மத்தளை இல்லை) கலகம். வரிக்கு எதிரா எழும்பினது ராசாவைத் தெரிஞ்செடுக்கிற அளவுக்குப் போச்சு. இராணுவச் சட்டம், தூக்கு, சுடுறது எல்லாம் நடந்தது. லண்டன் பாராளுமன்றத்தில விசாரணை வைச்சு, 1850இல டொரிங்டன் பிரபுவைத் திருப்பிக் கூப்பிட்டினம். நாய்க்கு ஒரு சிலிங் போட்டதும் ஆளின்ர கதிரை போறதுக்கு ஒரு காரணம் எண்டால் பாருங்கோ.

இப்ப மற்றப் பக்கம் பாருங்கோ. 2007இல முதல் டொலர் முறி, 500 மில்லியன் டொலர், வட்டி 8.25 வீதம். ஒரு ஊரிலயாவது சனம் ரோட்டுக்கு இறங்கினதா? இல்லை. வரி கடைக்குள்ள வந்து நிக்கும், சனம் கேள்வி கேக்கும். கடன் சத்தமில்லாமல் வரும், ரிபன் வெட்டுற நாள் வெடி கொளுத்துவினம். அரசியல்வாதிக்கு எது வசதி எண்டு நான் சொல்லவேணுமா?

அந்த வசதியின்ர உச்சம்தான் 2019 டிசெம்பர். புது அரசாங்கம் வந்த கையோட வற் வரியை 15 வீதத்தில இருந்து 8க்கு இறக்கிச்சுது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி போச்சு. சம்பளத்தில கழிக்கிற வரி போச்சு. வற் பதியவேண்டிய விற்பனை எல்லை வருசத்துக்கு 12 மில்லியனில இருந்து 300 மில்லியன் ரூபாய்க்கு ஏறிச்சுது. எல்லாருக்கும் சந்தோசம். ஆனால் செலவு குறையேல்லை. 2020இல கொரோனாவும் வந்துது, அந்த வருசம் அரசாங்கத்துக்கு வந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் 70க்கு மேல வட்டிக்கே போச்சு. வெளியில கடன் தர ஆளில்லை, உள்ள அச்சடிச்சினம்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். 2021இல இரசாயனப் பசளைத் தடை, மஞ்சளாப்போன வயல். 2022 ஏப்பிரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு அறிவிப்பு. பெற்றோல் செட்டில கானோட படுத்தெழும்பினது, கியூஆர் கோட், மண்ணெண்ணை இல்லாமல் கரையில கிடந்த முல்லைத்தீவு வள்ளங்கள். அந்த செப்டெம்பரில விலைவாசி முந்தின வருசத்தைவிடக் கிட்டத்தட்ட 70 வீதம் கூட. இந்த 70 வீதத்தை ஒரு பாராளுமன்றமும் வாக்கெடுத்து நிறைவேத்தேல்லை. ஆனால் உங்கட உண்டியலில கிடந்த காசின்ர பெறுமதியை ஆரோ எடுத்துக்கொண்டு போட்டினம். என்ர கணக்கில அதுவும் வரிதான்.

பிறகு வரி பேரோடயே வந்தது. வற் 8இல இருந்து 12, பிறகு 15, 2024 ஜனவரியில 18. இப்ப மல்லாவிக் கடையில 118 ரூபாய்க்கு ஒரு சவர்க்காரம் வாங்கினால் அதில 18 ரூபாய் வரி எண்டு வையுங்கோ. கொழும்பு ஏழில பென்ஸ் காரில வந்து அதே சவர்க்காரம் வாங்கிறவருக்கும் அதே 18. கூலிக்குக் கச்சான் ஆயுற அம்மாவுக்கும் 18. 2019இல வரி குறைச்சதில கூட லாபம் கண்டது ஆர்? மாசம் லட்சக்கணக்கில சம்பளம் எடுத்தவையும் பெரிய கொம்பனியளும். மீட்கக் காசு குடுக்கிறது ஆர்? சவர்க்காரம் வாங்கிற எல்லாரும்.

இன்னொண்டு, இதைச் சொல்லேக்க எனக்குக் கோவம் வரும். 2023இல உள்நாட்டுக் கடனை மறுசீரமைச்சினம். இபிஎஃப் எண்டு சொல்லுற ஊழியர் சேமலாப நிதியின்ர கையில இருந்த முறிகளுக்கு வட்டியைக் குறைச்சு, 2025க்குப் பிறகு 9 வீதம் எண்டு மாத்திச்சினம். சம்மதிக்காட்டி நிதியின்ர வருமானத்துக்கு வரி 14இல இருந்து 30 வீதம் எண்டு வெருட்டினது வேற. பாங்குகளின்ர முறிகளைத் தொடேல்லை, பாங்கு விழுந்தால் எல்லாம் விழும் எண்டு காரணம் சொல்லிச்சினம். அந்தக் காரணத்தில நியாயம் இருக்கு, இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனால் கிளிநொச்சி, வவுனியா காமன்ற்ஸில நிண்டு தைக்கிற பிள்ளையளின்ர இபிஎஃப் காசு அதுக்குள்ளதான் கிடந்தது. அந்தப் பிள்ளையளிட்ட ஆரும் கேக்கேல்லை.

[திரையில்: வட்டுவாகல் பாலம், ட்ரோன் காட்சி]

கடைசியா ஒரு கணக்கு, இதுக்கு நீங்கள்தான் விடை சொல்லவேணும். முல்லைத்தீவு வட்டுவாகல் பாலம். மாரியில தண்ணி ஏற அதால போறவை சாமியைக் கும்பிட்டுக்கொண்டுதான் போறவை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில புதுப் பாலத்துக்கு 1,000 மில்லியன் ரூபாய் ஒதுக்கிச்சினம். ஒரு பாலம் அம்பது வருசம் நிக்கும் எண்டு வையுங்கோ. முழுக்காசையும் ஒரே வருசத்து வரியில எடுத்தால், இண்டைக்குச் சவர்க்காரம் வாங்கிற அம்மா அம்பது வருசத்துப் பாலத்துக்கும் கட்டி முடிக்கிறா, பிறகு பிறக்கிறவை சும்மா ஓடுவினம். கடனில கட்டினால் அவையும் பங்கு குடுப்பினம்.

என்னைக் கேட்டால் பாலத்துக்கு நீண்டகால ரூபாய்க் கடன் எடுக்கலாம், டொலர் கடன் கூடாது. வட்டுவாகலால போற மீன் லொறி டொலர் உழைச்சுத் தராது. சம்பளம், பெற்றோல், மந்திரிமாரின்ர வாகனம் மாதிரி அந்தந்த வருசம் தின்னுற செலவுக்கு அந்தந்த வருச வரி. அதிலயும் சவர்க்காரத்துக்கு முதல் பெரிய வருமானத்திலயும் சொத்திலயும் கைவைக்கவேணும்.

பழைய கடனுக்கும் நாள் குறிச்சாச்சு. ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் எல்லாம் சேர்ந்து 2024 ஜூனில செய்த ஒப்பந்தத்தின்படி அவைக்குக் கடனின்ர முதற்பணத்தைத் திருப்பிக் கட்டத் தொடங்கிறது 2028, முடியிறது 2043. இண்டைக்குப் புதுக்குடியிருப்பில முதலாம் ஆண்டில இருக்கிற பிள்ளை உழைச்சு வரி கட்டத் தொடங்கின பிறகும் அந்தக் கணக்கு ஓடும்.

உங்கட ஊரில கடனெடுத்தாலும் பரவாயில்லை எண்டு செய்யவேண்டிய ஒரு வேலை, கடனெடுத்துச் செய்தே இருக்கக்கூடாத ஒரு வேலை, ரெண்டையும் ஊர்ப்பேரோட கீழ எழுதுங்கோ. கூட லைக் வாற வேலைக்கு நேர வந்து வீடியோ எடுப்பன். சாப்பாடு உங்கட வீட்டில.