மலை மூச்சுவிடும் ஊர்

(நூலக வாசகர் வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட் கட்டிய தம்பிகளே, ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு நேராக இங்கே வந்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம். ஐயா முன்னால் பேச இன்றைக்கும் எனக்குக் கை நடுங்குகிறது. பயிரைப் பற்றி அவர் சொல்லிக்கொடுத்த பழமொழியோடுதான் எந்த மேடையிலும் தொடங்குவேன்: அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு.

இன்று ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். அதன் மலை, அதன் சட்டம், அதன் மேய்ச்சல் நிலம்.

ஊரின் பெயர் ரோக்ஃபோர். பிரான்சின் தெற்கே அவெரோன் மாவட்டத்தில், மியோ நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சில நூறு பேர் வாழும் சின்ன ஊர். கொம்பாலு என்ற சுண்ணாம்புப் பாறை மலை எப்போதோ ஒரு காலத்தில் சரிந்து விழுந்தது. அந்தச் சரிவின் மேலேயே ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சரிந்த பாறைகளுக்கு நடுவே நீண்ட வெடிப்புகள் உண்டு. அவற்றை ஃப்ளெரீன் என்கிறார்கள். அந்த வெடிப்புகள் வழியாகக் குளிர்ந்த ஈரக்காற்று கோடையிலும் குகைக்குள் வந்துகொண்டே இருக்கும். மலை மூச்சுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தக் காற்றில் விளைவதுதான் ரோக்ஃபோர் சீஸ். அது பிறந்த கதையை ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஓர் இடையப் பையன் குகையோரம் செம்மறி மேய்க்கிறான். மத்தியானச் சாப்பாட்டுக்கு ரை ரொட்டியும் ஆட்டுப்பால் கட்டியும். பிட்ட துண்டை வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில், தூரத்தில் ஒரு பெண் நடந்து போகிறாள். பையனுக்குப் பசி மறந்துவிட்டது! சாப்பாட்டைக் குகைக்குள் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு ஓடினான். இந்தக் குன்றில் இல்லை, அந்தப் பள்ளத்தில் இல்லை, ஓடையைத் தாண்டியும் இல்லை. நாள் கணக்காகத் தேடியும் அவள் கிடைக்கவே இல்லை. இளைத்துக் களைத்துத் திரும்பி வந்து பார்த்தால், ரொட்டி முழுக்கப் பூஞ்சணம். பக்கத்தில் இருந்த கட்டிக்குள்ளும் நீலமும் பச்சையுமாக நரம்பு ஓடியிருக்கிறது. வேறு நாளாயிருந்தால் தூக்கி எறிந்திருப்பான். பசி விடுமா? கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டான். அப்புறம் மீதியைத் தன் ஊருக்கே கொண்டுபோய்க் கொடுத்தான். பெண் போனாள், சீஸ் வந்தது என்று இந்தக் கதையை எந்த ஊரில் சொன்னாலும் கைதட்டுவார்கள். நீங்களும் தட்டினீர்கள், நன்றி.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1411இல் ஆறாம் சார்ல் மன்னர், இந்தச் சீஸைப் பதப்படுத்தும் உரிமையை அந்த ஊர்க்காரர்களுக்கே எழுதிக் கொடுத்தார். போலி விற்பவர்களுக்குத் தண்டனை என்று 1666இல் துலூஸ் நீதிமன்றம் ஆணையிட்டது. 1925 ஜூலை 26இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றியது. பெயரைக் காக்கும் இந்தச் சட்டங்கள் வேண்டியவைதான். ஆனால் அந்தச் சீஸுக்குப் பால் கொடுக்கும் லக்கோன் இனச் செம்மறி எங்கே மேயும்? நான் இங்கே வந்தது அதைப் பேசத்தான்.

ஊருக்குக் கிழக்கே லார்சாக் பீடபூமி. ஆயிரம் சதுர கிலோமீட்டர் சுண்ணாம்பு நிலம். பெய்கிற மழையெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடுவதால் மேலே ஓடை நிற்காது. அதனால் இடையர்கள் வட்டமாகக் கல் பாவிய சின்னக் குட்டைகள் கட்டினார்கள். ஆட்டின் குளம்பு அடியிலிருக்கும் களிமண்ணைக் கிளறிவிடாதபடி கல்லைச் சரிவாகப் பதித்திருப்பார்கள். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு, நிலத்துப் புல் ஆட்டுக்கு, பால் மனிதனுக்கு. அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு!

அந்த நிலத்தில் இருந்த ராணுவ முகாமை 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக விரிக்கப்போவதாக 1971 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே அறிவித்தார். வெறும் பொட்டல்தானே என்ற எண்ணம். நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று 103 விவசாயிகள் கையெழுத்துப் போட்டார்கள். 1972இல் லான்சா தெல் வாஸ்தோ அங்கே வந்து 15 நாள் உண்ணாநோன்பு இருந்தார். 1937இல் வார்தாவில் காந்தியுடன் தங்கி, அவரிடம் சாந்திதாஸ் என்று பெயர் பெற்ற இத்தாலியர் அவர். அதே ஆண்டு அக்டோபரில் செம்மறிகளை லாரியில் ஏற்றிப் பாரிசுக்குக் கொண்டுபோய் ஐஃபெல் கோபுரத்தடியில் மேயவிட்டார்கள். பத்தாண்டுப் போராட்டம், ஐயா! 1981இல் மித்தெரான் குடியரசுத் தலைவரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அவைத் தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊர் நிலப் பதிவேட்டிலும், ஆடுமாடு மேய விட்ட பொது நிலத்துக்கு, மேய்க்கால் புறம்போக்கு என்ற சொல் இருக்கிறது. அதைத் தரிசு என்று மாற்றி எழுத விடாதீர்கள். நம் ஊரில் எந்தெந்தச் சர்வே எண் மேய்க்காலாக இருந்தது என்று பெரியவர்கள் நினைவிலிருந்து சொன்னால் குறித்துக்கொள்ள, வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தேநீர் குடித்துவிட்டு ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். எழுத வராதவர்களுக்கு மைக் செட் தம்பிகள் எழுதிக் கொடுப்பார்கள். நன்றி, வணக்கம்.