வெளிநாட்டுக் கடனை நாடு எப்படி அளக்கிறது?

(வாசிகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அலுவலகப் பணிகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரதேச செயலாளர் அவர்களே, எங்களில் பலருக்கு எண்ணும் எழுத்தும் கற்பித்த ஓய்வுபெற்ற அதிபர் அவர்களே, போர்க்காலத்திலும் இந்தப் பத்திரிகை மேசையை வெறுமையாக விடாத நூலகர் அவர்களே, தாய்மாரே, இளைஞர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். இந்த மேடையில் பேச அழைத்த நிர்வாக சபையினருக்கும், ஒலிபெருக்கி தந்துதவிய அன்பருக்கும் முதலில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். ஆற்றில் போடுவதற்கே அளவு வேண்டுமென்றால், பிள்ளைகளின் தலையில் ஏற்றும் கடனுக்கு எவ்வளவு அளவு வேண்டும்! இன்று நான்கு விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்: வெளிநாட்டுக் கடன் என்பது யாருடைய கடன், அதற்கு எந்த விலை போடுவது, அளவுகோலுக்குள் வராமல் நழுவுவது எது, அரச நிறுவனங்களின் கடனுக்கு அரசு நிற்கும் உத்தரவாதம் யார் பெயரில் பதிவாகிறது என்பனவே அவை.

நாட்டுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. சென்மதி நிலுவை என்பது ஒரு காலாண்டிலோ ஓராண்டிலோ எல்லை கடந்து வந்ததையும் போனதையும் சொல்வது. பன்னாட்டு முதலீட்டு நிலை என்பது குறித்த ஒரு நாளில் நமக்கு வெளியே இருக்கும் சொத்தையும் வெளியாருக்கு நாம் கொடுக்க வேண்டியதையும் சொல்வது. இவற்றுக்கான விதிகளைச் சர்வதேச நாணய நிதியம் ஒரு கைநூலில் வகுத்திருக்கிறது. அந்தக் கைநூலின் ஆறாம் பதிப்பு 2009 இல் வந்தது. அதன்படி, கடன் கொடுத்தவர் எங்கே வதிகிறார் என்பதே கேள்வி, எந்த நாணயத்தில் கொடுத்தார் என்பதல்ல. இலங்கை அரசின் டொலர் முறியை, அதாவது டொலரில் வெளியிட்ட கடன் பத்திரத்தை, கொழும்பு வங்கியொன்று வைத்திருந்தால் அது வெளிநாட்டுக் கடனில் சேராது. ரூபாவில் வெளியிட்ட திறைசேரி முறியை லண்டன் நிதியமொன்று வாங்கினால் அது சேரும். இதை அறியாமல் இரண்டு பத்திரிகைகள் இரண்டு தொகைகளைச் சொல்ல, மூன்றாமவர் இருவரையும் பொய்யர் என்பது நாம் அன்றாடம் காணும் காட்சி.

விலைக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் 12 அன்று அரசு வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதிக்கான கொடுப்பனவை நிறுத்துவதாக அறிவித்தது. பன்னாட்டுச் சந்தையில் நமது முறிகளின் விலை சரிந்தது. மத்திய வங்கியின் வெளிநாட்டுக் கடன் புள்ளிவிபரங்களில் அந்த முறிகள் சந்தை விலையிலேயே பதியப்படுவதால், விலை சரிந்த அளவுக்கு ஏட்டில் கடனும் குறைந்தது. விதிப்படி அது சரிதான். ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய முகப்புத் தொகையில் ஒரு சதமும் குறையவில்லை. இரண்டு தொகைகளையும் அருகருகே அச்சிடாமல் ஒன்றை மட்டும் காட்டினால் படிப்பவர் ஏமாந்து போவார். நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பின் கதையும் இதுவே. 2021 முடிவில் ஏறக்குறைய 310 கோடி டொலர் என்று சொல்லப்பட்ட தொகையில் ஏறத்தாழப் பாதி, நிபந்தனையுடன் கூடிய சீன நாணயப் பரிமாற்றம், அதாவது பின்னர் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டில் சீன மத்திய வங்கியிடமிருந்து பெற்ற யுவான். அடுத்த மே மாதத்தில், பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டொலருக்கும் குறைவென்று நிதியமைச்சரே சொன்னார்.

அளவுகோலுக்குள் வராமல் நழுவுவதை ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். 2021 இன் கடைசி மாதங்களில் எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் இருந்தார்; மகன் கட்டாரில் வேலை. வங்கியில் டொலருக்கு இருநூறு ரூபா சொச்சம், வெளியில் அதைவிட நல்ல விலை. மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒருவர் மோட்டார் சைக்கிளில் வருவார். இறங்க மாட்டார், தேநீர் குடிக்க மாட்டார். மகன் அனுப்பிய இலக்கத்தை அந்தத் தாய் தொலைபேசியில் பார்த்துச் சொல்ல, தன் கையிலுள்ள பத்து ரூபாத் தாளின் இலக்கத்தோடு அவர் ஒப்பிடுவார். சரியென்றால் துணிக்கடைப் பையிலிருந்து கட்டை எடுத்து நீட்டுவார். அம்மா இரண்டு தரம் எண்ணுவார். மூன்றாம் தரம் பேத்தியை எண்ண வைப்பார். இதுதான் உண்டியல். அந்தத் தாயை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். அரிசியும் பால்மாவும் விற்ற விலை நமக்குத் தெரியும். ஆனால் மகன் கொடுத்த ரியால் தோஹாவிலேயே நின்றுவிட்டது. அதைக் கொண்டு ஓர் இறக்குமதியாளர் அங்கேயே விலை செலுத்தினால், சரக்கு நமது சுங்கத்தில் பதிவாகும், செலுத்திய பணம் எந்த வங்கியிலும் பதிவாகாது. பொருந்தாத அந்த இடைவெளி, சென்மதி நிலுவையின் கடைசியில் நிற்கும் வழுக்களும் விடுபாடுகளும் என்ற வரியில் போய்ச் சேரும். 2020 இல் 710 கோடி டொலராக இருந்த தொழிலாளர் பணவனுப்பல் 2022 இல் 380 கோடியாகப் பதிவானதற்கு, பிள்ளைகள் அனுப்பாமல் விட்டது மட்டும் காரணமாக இருக்க முடியாது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. அளப்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், திறமையானவர்கள், அவர்களை நான் மதிக்கிறேன். அளந்ததை எங்களுக்குக் காட்டுங்கள் என்பதே நான் ஊரூராகச் சென்று கேட்பது. அரச நிறுவனம் பட்ட கடனுக்கு அரசு கொடுக்கும் உத்தரவாதம், அது கோரப்படும்வரை அரசின் கடனாக எண்ணப்படாது; நிறுவனத்தின் பெயரிலேயே நிற்கும். ஸ்ரீலங்கன் விமான சேவையின் 17.5 கோடி டொலர் முறி அப்படிப்பட்டது. 2024 ஜூனில் அது முதிரும் என்பதை அதற்கு முன்பு நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017 இல் 99 ஆண்டு குத்தகைக்குக் கொடுத்து வந்த பணம் முதலீடாகப் பதிவானது. கட்டுவதற்கு வாங்கிய கடன் அதனால் தீரவில்லை. கடன் தீர்ந்துவிட்டதென்று இன்றும் மேடைகளில் பேசுகிறார்கள்.

2024 இல் அரச கடன் முகாமைத்துவச் சட்டம் வந்து, அதற்கென்று தனி அலுவலகமும் அமைந்தது. ஆகவே தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, இந்தச் சபை இன்றே ஒரு தீர்மானம் நிறைவேற்றி அந்த அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு காலாண்டிலும் ஒரு தாள் வரட்டும், தமிழிலும் சிங்களத்திலும். கடன் கொடுத்தவர் யார், வட்டி எவ்வளவு, எப்போது முதிர்கிறது, முகப்புத் தொகை என்ன, சந்தை விலை என்ன, எந்த நிறுவனத்துக்கு அரசு உத்தரவாதம் நின்றது ஆகிய ஆறு நிரல்களும் அதில் இருக்கட்டும். அந்தத் தாளை நாட்டின் ஒவ்வொரு வாசிகசாலையிலும் பத்திரிகை மேசைக்கு மேலேயுள்ள பலகையில் ஒட்டுவதற்கு உத்தரவிட வேண்டும் என்று கேட்கிறேன். தீர்மான வரைவு செயலாளரிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து கையொப்பமிட்டுச் செல்லுங்கள்.